கரையவில்லை, கலங்குகிறது, படிகம் வரவில்லை: கரைசல் பரிசோதனையில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கும் வழி

ஆய்வகத்தில் கரைசல் தயாரிக்கும்போது எது சரிவராவிட்டாலும் மாணவர்கள் வாயில் வருவது ஒரே சொல்: "கரையல." அந்தச் சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு நிலைமைகள் அடங்கியிருக்கின்றன. பொருள் கரைந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் மெதுவாக. அல்லது அந்த நீர் ஏற்கக்கூடிய அளவு முடிந்துவிட்டது. அல்லது அந்தப் பொருளுக்கும் அந்தத் திரவத்துக்கும் ஒட்டே கிடையாது. அல்லது பொருள் ஒழுங்காகக் கரைந்தது. ஆனால் நீரில் ஏற்கெனவே இருந்த வேறொன்றோடு சேர்ந்து, கரையாத புதுப் பொருளாக மாறி நிற்கிறது. நான்குக்கும் தீர்வு வேறு வேறு. மெதுவாகக் கரைவதைக் கலக்கினால் சரிசெய்துவிடலாம். அளவு முடிந்துபோன கரைசலை மாலை வரை கலக்கினாலும் ஒரு கிராம்கூட மேற்கொண்டு இறங்காது.

ஆகவே முதலில் இந்தச் சிறு சோதனையைச் செய்யுங்கள். அடியில் தங்கியிருக்கும் பொருளோடு சேர்த்துக் கரைசலில் 5 மி.லி. அளவை ஒரு சோதனைக்குழாயில் எடுங்கள். எதுவும் சேர்க்காமல் இரண்டு நிமிடம் குலுக்குங்கள். அடியில் இருப்பது குறைந்தால், பிரச்சினை வேகம். குறையவில்லை என்றால் அதே குழாயில் இன்னும் 5 மி.லி. நீர் ஊற்றிக் குலுக்குங்கள். இப்போது குறைந்தால், பிரச்சினை அளவு, கரைசல் தெவிட்டிவிட்டது. அப்போதும் அசையவில்லை என்றால் அது கரையாத பொருள். அசுத்தமாகவோ, கரைசலுக்குள் வினை நடந்து உண்டான கரையாத பொருளான வீழ்படிவாகவோ இருக்கலாம். கீழே வரும் எல்லா அறிகுறிகளுக்கும் இந்தக் குழாய்தான் முதல் சாட்சி.

உப்பு அடியில் தங்கிவிட்டது, எவ்வளவு கலக்கினாலும் போகவில்லை

போட்ட அளவைப் பாருங்கள். 25 டிகிரி செல்சியஸில் 100 கிராம் நீர் சுமார் 36 கிராம் சாதாரண உப்பைத்தான் ஏற்கும். 100 கிராம் நீர் ஏற்கும் இந்த எல்லை அளவுக்குத்தான் கரைதிறன் என்று பெயர். 50 மி.லி. நீரில் 20 கிராம் போட்டிருந்தால் ஏறத்தாழ 2 கிராம் அடியில் நிற்பதுதான் சரியான விடை. அதில் கோளாறு எதுவும் இல்லை.

உப்புப் படிகத்தில் சோடியம் அயனிகளும் குளோரைடு அயனிகளும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. நீர் மூலக்கூறின் ஆக்சிஜன் பக்கம் சற்று எதிர்மின்சுமை கொண்டது. ஹைட்ரஜன் பக்கம் சற்று நேர்மின்சுமை கொண்டது. ஆக்சிஜன் பக்கம் சோடியத்தையும் ஹைட்ரஜன் பக்கம் குளோரைடையும் பிடித்து இழுக்க, படிகத்தின் மூலைகளில் இருந்தும் விளிம்புகளில் இருந்தும் அயனிகள் ஒவ்வொன்றாகக் கழன்று நீருக்குள் போகின்றன. போன அயனிகள் சும்மா இருப்பதில்லை. அலைந்து திரிந்து படிகத்தின் மேல் மோதும்போது சில அங்கேயே ஒட்டிக்கொள்கின்றன. கரைசலில் அயனிகள் கூடக்கூட இந்தத் திரும்புதலும் கூடும். வெளியேறும் எண்ணிக்கையும் திரும்பும் எண்ணிக்கையும் சமமாகும் கட்டம்தான் தெவிட்டிய நிலை. உடைந்த ஒரு கல்லுப்பைத் தெவிட்டிய உப்புக் கரைசலில் போட்டு, ஆவியாகாதபடி மூடிச் சில நாட்கள் விட்டுவிட்டால் அதன் நிறை மாறாது. ஆனால் உடைந்த முனைகள் மெல்லச் சீராகத் தொடங்கும். வேலை நின்றுவிடவில்லை, வரவும் செலவும் சமமாகிவிட்டன என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

இங்கே ஒரு தவறு திரும்பத் திரும்ப விடைத்தாள்களில் வருகிறது. 100 கிராம் நீரில் 37 கிராம் உப்பைப் போட்டு 1 கிராம் அடியில் தங்கினால் பலர் அதை "அதிதெவிட்டிய கரைசல்" என்று எழுதிவிடுகிறார்கள். அது தெவிட்டிய கரைசல், அடியில் கொஞ்சம் கரையாத உப்பு, அவ்வளவுதான். அதிதெவிட்டிய கரைசலில் அளவுக்கு மீறிய பொருள் முழுவதும் கரைந்த நிலையிலேயே இருக்கும், அடியில் எதுவும் இருக்காது. ஒரு சிறு படிகத்தைப் போட்டவுடன் மிகுதி முழுவதும் வெளியே வந்துவிடும். இரண்டும் ஒன்றல்ல, எதிரெதிர்.

"சரி, சூடுபடுத்திப் பார்க்கலாம்" என்று அடுப்பை மூட்டுவது அடுத்த வழக்கம். உப்பு விஷயத்தில் அதனால் பெரிய பயன் இல்லை. கொதிநிலைக்கே கொண்டுபோனாலும் 100 கிராம் நீர் ஏற்பது 39 கிராம் அளவுதான். அதே சமயம் வெடியுப்பு என்கிற பொட்டாசியம் நைட்ரேட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: 20 டிகிரியில் சுமார் 32 கிராம், 60 டிகிரியில் சுமார் 110 கிராம். சூடு எல்லாப் பொருளையும் ஒரே அளவில் கரைக்க உதவும் என்று எண்ண வேண்டாம். பொருளுக்குப் பொருள் அந்த உதவி மாறும்.

போட்ட அளவு 36-க்கு மிகவும் கீழே இருந்தும் அடியில் ஏதோ நிற்கிறது என்றால் அது உப்பே அல்ல. கல்லுப்பில் மணலும் களிமண்ணும் இருக்கும், சிறிது ஜிப்சமும் (கால்சியம் சல்பேட்) இருக்கும். தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் கடல்நீர் காயக் காய, உப்புக்கு முன்னாலேயே ஜிப்சம் படிந்துவிடும். ஜிப்சத்தின் கரைதிறன் 100 மி.லி. நீருக்குக் கால் கிராம் அளவுதான் என்பதே காரணம். பாத்தி மாற்றிப் பாத்தி உப்புநீரை நகர்த்துவதில் இந்த ஜிப்சத்தைப் பின்னால் விட்டுவிடும் வேலையும் நடக்கிறது. ஆனாலும் கொஞ்சம் உப்போடு வந்துவிடும். பாக்கெட் தூளுப்பில் மணல் இல்லை; கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் சிலிக்கா போன்ற பொருள்கள் வெண்மையாக மிதக்கும். இரண்டுக்கும் வடிதாளில் வடிகட்டுவதுதான் வழி.

கொஞ்சம் சர்க்கரைதான் போட்டேன், எலுமிச்சைச் சாற்றின் அடியிலேயே நிற்கிறது

இது அளவுப் பிரச்சினை இல்லை. 20 டிகிரியில் 100 கிராம் நீர் ஏறத்தாழ 200 கிராம் சர்க்கரையை ஏற்கும். 0 டிகிரியில்கூடச் சுமார் 180 கிராம். ஒரு டம்ளருக்கு இரண்டு கரண்டி என்பது அந்த எல்லையின் பக்கத்தில்கூட வராது. இது முழுக்க முழுக்க வேகத்தின் பிரச்சினை.

கரையும் சர்க்கரையைச் சுற்றி உடனே ஒரு கெட்டியான பாகுப் படலம் உருவாகிறது. அது நீரைவிட அடர்த்தி மிகுந்தது. டம்ளரின் அடியில் சர்க்கரை, அதன் மேலே பாகு, பாகின் மேலே வெறும் நீர் என்று அடுக்காக நின்றுவிடுகிறது. சர்க்கரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பாகு ஏற்கெனவே தெவிட்டியது; மேலே இருக்கும் வெறும் நீரோ சர்க்கரையைத் தொடுவதே இல்லை. ஐஸ் போட்ட பிறகு துகள்களின் அலைச்சலும் குறைந்து, பாகு இன்னும் பிசுபிசுப்பாகிவிடும்.

சரிசெய்ய: ஐஸ் போடும் முன்பே, அறை வெப்பநிலையில் உள்ள நீரில் சர்க்கரையைக் கரைத்துவிடுங்கள். இதற்கு மேலும் புரிய வேண்டுமென்றால் ஒரே அளவு நீர் உள்ள இரண்டு டம்ளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 10 கிராம் சர்க்கரையை அடியில் போடுங்கள். மற்றதில் அதே 10 கிராமை மெல்லிய துணியில் முடிந்து, நீரின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே தொங்கவிடுங்கள். எதையும் கலக்காதீர்கள். துணி முடிச்சிலிருந்து நெளிநெளியான கோடுகள் கீழே இறங்குவதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கலாம். தொங்கும் சர்க்கரைதான் முந்திக் கரையும். பாகு தானாக விழுந்து விலகுவதால் புது நீர் வந்து தொட்டுக்கொண்டே இருக்கிறது. கரண்டியால் கலக்கும்போது நடப்பதும் இதேதான்.

பொடிப்பதும் வேகத்தை மட்டுமே மாற்றும். 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரக் கற்கண்டின் புறப்பரப்பு 6 சதுர செ.மீ. அதையே 1 மி.மீ. கனசதுரங்களாக உடைத்தால் ஆயிரம் துண்டு, மொத்தப் பரப்பு 60 சதுர செ.மீ. நீர் தொடும் இடம் பத்து மடங்கு. ஆனால் கரையும் மொத்த அளவு அதே அளவுதான். "பொடியாக்கினால் கரைதிறன் கூடும்" என்று தேர்வில் எழுதினால் தவறு. "கரையும் வேகம் கூடும்" என்பதே சரி.

கரைதிறன் கணக்கில் 36 வரவில்லை

இந்தப் பரிசோதனையில் கிடைத்த தவறான எண்ணே எங்கே தவறியது என்று சொல்லிவிடும். முதலில் சரியாக நடந்தால் எப்படி இருக்கும் என்று பார்ப்போம்.

50 மி.லி. நீரில் 25 கிராம் உப்பைப் போட்டுப் பத்து நிமிடம் கலக்கி, ஐந்து நிமிடம் படியவிடுங்கள். அடியில் உப்பு நிற்க வேண்டும். நின்றால்தான் கரைசல் தெவிட்டியிருக்கிறது என்று நம்பலாம். வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். உலர்ந்த புனலில் உலர்ந்த வடிதாள் வைத்து வடிகட்டுங்கள். உலர்ந்த பீங்கான் கிண்ணத்தை எடைபோடுங்கள். வடிந்த கரைசலில் சுமார் 10 மி.லி. அளவை அதில் ஊற்றி மறுபடி எடைபோடுங்கள். சிறு தீயில் நீரை ஆவியாக்குங்கள். குளிரவிட்டு மீண்டும் எடை.

எடுத்துக்காட்டாக: வெறும் கிண்ணம் 42.30 கிராம்; கரைசலோடு 54.90, காய்ந்த உப்போடு 45.65. எனவே கரைசல் 12.60 கிராம், உப்பு 3.35 கிராம், ஆவியான நீர் 9.25 கிராம். கரைதிறன் = 3.35 ÷ 9.25 × 100 = 36.2.

26 அல்லது 27 வந்தால் உங்கள் கை தவறவில்லை, வகுத்தல்தான் தவறியது. 3.35-ஐ நீரின் நிறையால் வகுக்காமல் கரைசலின் நிறையான 12.60-ஆல் வகுத்திருப்பீர்கள், அது 26.6 தரும். அது நிறை சதவீதம், கரைதிறன் அல்ல. ஒன்று கரைசலைப் பார்க்கிறது, மற்றது கரைப்பானான நீரை மட்டும் பார்க்கிறது.

40-ஐத் தாண்டினால் உப்பு முழுதாகக் காயவில்லை. 0.30 கிராம் ஈரம் மிஞ்சினாலே கணக்கு 40.8 ஆகிவிடும். ஈரம் உப்பாகவும் எண்ணப்படுகிறது, நீரிலிருந்தும் கழிக்கப்படுகிறது. அதனால் சிறு ஈரம் இரட்டைப் பிழையாகிறது. மேலே காய்ந்ததுபோல் ஓடு கட்டி, உள்ளே ஈரம் நிற்பது வழக்கம். கண்ணாடிக் கம்பியால் ஓட்டை உடைத்துவிட்டுக் காயவையுங்கள். கம்பியில் ஒட்டியதைக் கிண்ணத்திலேயே தட்டிவிட மறக்காதீர்கள். இரண்டு முறை தொடர்ந்து எடைபோட்டும் ஒரே எண் வரும்வரை சூடேற்றல், குளிரவைத்தல், எடைபோடல் தொடர வேண்டும். வடிதாளைத் தாண்டிக் கரையாத துகள்கள் வந்திருந்தாலும் எண் கூடும்.

32-க்கு அருகே வந்தால் உப்பு தெறித்துப் போயிருக்கும். 0.30 கிராம் தெறித்துப் போனால் 31.9 வரும். நீர் வற்றும் கடைசிக் கட்டத்தில் பெரிய தீ வைத்தால் உப்பு படபடவென்று வெடித்துச் சிதறும். படிகத்துக்குள் சிக்கிய நீர் ஆவியாகி அதை உடைப்பதே அந்தச் சத்தம். கடைசிக் கட்டத்தில் கிண்ணத்தை நேர்த்தீயில் வைக்காமல், கொதிநீர் உள்ள பீக்கரின் மேல் வைத்து ஆவியில் காயவைப்பது நல்லது. நேரம் பிடிக்கும், ஆனால் உப்பு கிண்ணத்திலேயே இருக்கும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி போடாமல் இந்தக் கட்டத்தைச் செய்ய வேண்டாம்.

எண் மிகவும் கீழே, 20-களில் வந்து, வகுத்தலும் சரியாக இருந்தால் கரைசல் தெவிட்டவே இல்லை. அடியில் உப்பு நின்றதா என்று பாருங்கள். நின்றது என்றால் புனலோ பீக்கரோ ஈரமாக இருந்திருக்கலாம். கழுவிய பீக்கரில் ஒட்டியிருக்கும் நீரே கரைசலை நீர்க்கச் செய்யப் போதும்.

இதே பரிசோதனையை வெடியுப்பில் செய்பவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. வெப்பநிலை சில டிகிரி மாறினாலே விடை பல கிராம் மாறும். அச்சிட்ட அட்டவணை 20 டிகிரிக்கானது, நம் ஊர் ஆய்வகமோ ஏப்ரலில் 33 டிகிரி. உங்கள் விடை அட்டவணையைவிடக் கூடுதலாக இருப்பதே அப்போது சரி.

தெளிவாக இருக்க வேண்டிய கரைசல் கலங்கிவிட்டது

உண்மைக் கரைசல் நிறமுடையதாக இருக்கலாம், கலங்கலாக இருக்காது. அறையை இருட்டாக்கி, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒளி போகும் பாதை தெரிந்தால் உள்ளே கரையாத நுண்துகள் இருக்கிறது.

பெரும்பாலும் குற்றவாளி நீர்தான். ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம், மெக்னீசியம், பைகார்பனேட், குளோரைடு எல்லாம் ஏற்கெனவே கரைந்திருக்கின்றன. மயில்துத்தம் என்கிற தாமிர சல்பேட்டைக் குழாய்நீரில் போட்டால் வெளிர் நீலக் கலங்கல் வருவது இதனால்தான்: நீரில் உள்ள பைகார்பனேட்டோடு தாமிரம் சேர்ந்து கரையாத கார்பனேட் வகைச் சேர்மம் ஆகிறது. நீர்த்த கந்தக அமிலம் சில துளிகள் விட்டால் தெளிந்துவிடும். வெள்ளி நைட்ரேட்டைக் குழாய்நீரில் கரைத்தால் பால்போல் வெளுக்கும்; அது குளோரைடோடு சேர்ந்து உண்டான வெள்ளி குளோரைடு. அதற்கு அமிலம் உதவாது, வாலை வடிநீரில் புதிதாகத் தயாரிப்பதுதான் ஒரே வழி. வீட்டுக்கு வரும் கேன் தண்ணீரிலும் கொஞ்சம் உப்புகள் இருக்கும். சுத்தமானது என்று நம்பி எடுக்காதீர்கள். பேட்டரிக்கு ஊற்றும் நீர் பள்ளிச் சோதனைகளுக்குப் போதும்.

இரும்பு சல்பேட் கரைசல் வேறு ரகம். செய்தபோது வெளிர் பச்சை, ஒரு மணி நேரத்தில் மஞ்சள், மறுநாள் அடியில் பழுப்பு. காற்றிலுள்ள ஆக்சிஜன் அதை மாற்றிவிடுகிறது. கொதிக்கவைத்து ஆறிய வடிநீரில், சில துளி நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, தேவைப்படும் அன்றே தயாரியுங்கள்.

வெப்பத்தை உமிழ்கிறதா, உள்வாங்குகிறதா? வெப்பநிலைமானி அசையவே இல்லை

கரைதலில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. படிகத்தைப் பிரிக்க ஆற்றல் செலவாகிறது. பிரிந்த துகள்களை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்ளும்போது ஆற்றல் வெளிவருகிறது. செலவு கூடினால் கரைசல் குளிரும், வரவு கூடினால் சூடாகும். சாதாரண உப்பில் இரண்டும் ஏறக்குறையச் சமம். அதனால்தான் அதைக் கொடுத்து "கண்டறிக" என்றால் மாணவர் திணறுகிறார்.

50 மி.லி. நீரில் 5 கிராம் கரைத்தால் எதிர்பார்க்க வேண்டிய மாற்றம், வெப்பம் வெளியே கசியாமல் இருந்தால், தோராயமாக இவ்வளவு: நவச்சாரம் என்கிற அம்மோனியம் குளோரைடு 6 டிகிரி இறக்கம்; சாதாரண உப்பு ஒன்றரை டிகிரிக்குள் இறக்கம்; சோடியம் ஹைட்ராக்சைடு 24 டிகிரி ஏற்றம். நவச்சாரத்தை அரை கிராம் மட்டும் போட்டால் மாற்றம் அரை டிகிரிதான், சாதாரண வெப்பநிலைமானியில் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே முதல் சந்தேகம் அளவின் மேல். இரண்டாவது, பாத்திரத்தின் மேல்: கனமான கண்ணாடி பீக்கர் சுற்றுப்புறத்தோடு வெப்பத்தைப் பரிமாறிக்கொண்டே இருக்கும். ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரண்டு காகிதக் கப்புகளோ தெர்மோகோல் கப்போ சிறந்தவை. மூன்றாவது, பொடிக்காத கட்டி மெதுவாகக் கரைவதால் மாற்றம் பரவி மங்கிவிடும். பொடித்து, ஒரேயடியாகப் போட்டு, உடனே கலக்கி, மிகக் குறைந்த அளவீட்டைக் குறியுங்கள்.

"ஒரேயடியாக" என்பது சோடியம் ஹைட்ராக்சைடுக்குப் பொருந்தவே பொருந்தாது. அதைச் சிறிது சிறிதாக, நீருக்குள் போட வேண்டும். வில்லைகளின் மேல் நீரை ஊற்றக் கூடாது. கொஞ்ச நீர் அத்தனை வெப்பத்தையும் தாங்காமல் கொதித்துத் தெறிக்கும், அந்தத் தெறிப்பு கண்ணைப் பறித்துவிடும். வில்லைகளைக் கையால் எடுக்கக் கூடாது. தட்டில் திறந்து வைத்தாலும் காற்றின் ஈரத்தை உறிஞ்சி அவையே கரைசலாகிவிடும், எடைபோட்டவுடன் பயன்படுத்துங்கள்.

சூடாக்கியதும் தெளிந்த கரைசல் கலங்கியது

சுண்ணாம்பு நீராக இருந்தால் அது கோளாறு அல்ல. கால்சியம் ஹைட்ராக்சைடு வெப்பம் ஏற ஏறக் குறைவாகக் கரையும்: 20 டிகிரியில் 100 கிராம் நீரில் சுமார் 0.17 கிராம், கொதிநிலையில் சுமார் 0.07. ஒரு லிட்டருக்கு 3 கிராம் நீற்றிய சுண்ணாம்பு போட்டுக் குலுக்கி, இரவு முழுக்க மூடிவைத்து, மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள். அடுப்பில் வைக்காதீர்கள். திறந்து வைத்தால் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடோடு சேர்ந்து அதன் மேல் கால்சியம் கார்பனேட் ஆடைபோல் படியும்.

குழாய்நீரைக் கொதிக்கவைத்தால் வரும் வெள்ளைப் படிவு இதிலிருந்து வேறு. அங்கே கால்சியம் பைகார்பனேட் சிதைந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. ஆறவைத்தாலும் அது திரும்பக் கரையாது. சுண்ணாம்பு நீரின் கலங்கலோ, காற்று படாமல் ஆறவைத்து நேரம் கொடுத்தால் மறையும். ஆறியதும் திரும்புகிறதா என்பதே இரண்டையும் பிரிக்கும் சோதனை.

எவ்வளவு நீர் விட்டும் துளிகூடக் கரையவில்லை

கரைப்பான் தவறு. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றின் நடுவே இடம் பிடிக்க வருகிற பொருளுக்கு மின்சுமையோ, நீரைப் போல ஒரு பக்கம் நேர், மறுபக்கம் எதிர் என்ற முனைவுத்தன்மையோ இருக்க வேண்டும். மெழுகு, கற்பூரம், எண்ணெய்ப் பெயின்ட் இவற்றில் அது இல்லை அல்லது போதாது. மஞ்சள்தூளே நல்ல எடுத்துக்காட்டு: நீரில் போட்டால் மிதந்து, பிறகு படியும், எண்ணெயில் தாளித்தால் எண்ணெயே மஞ்சளாகிவிடும். மஞ்சளின் நிறப்பொருளுக்கு நீரோடு ஒட்டு இல்லை, எண்ணெயோடும் சாராயத்தோடும் உண்டு. துணியில் பட்ட மஞ்சள் கறை வெறும் நீரில் போகாததற்கும் இதுவே ஒரு காரணம்.

அயோடின் இன்னொரு பொருள். 100 மி.லி. நீரில் கரைவது 0.03 கிராம் அளவுதான். ஸ்டார்ச் சோதனைக்கு அயோடின் கரைசல் வேண்டும் என்றால் முதலில் 2 கிராம் பொட்டாசியம் அயோடைடைச் சில மி.லி. நீரில் கரைத்து, அந்தக் கெட்டிக் கரைசலில் 1 கிராம் அயோடினைப் போட்டுக் கரைந்த பிறகு 100 மி.லி.-க்கு நீர்க்கச் செய்யுங்கள். வரிசையை மாற்றி நீர் முழுவதையும் முதலிலேயே ஊற்றிவிட்டால் மணிக்கணக்கில் காத்திருக்க நேரும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு: கரைந்ததுபோல் தெரியும், ஆனால் கரைதல் அல்ல. சுண்ணாம்புக்கல் துண்டு வினிகரில் நுரைத்து மறைவது வேதிவினை. நீரை ஆவியாக்கினால் பழைய பொருள் திரும்பக் கிடைக்கிறதா என்று பாருங்கள். உப்பும் சர்க்கரையும் திரும்பும், சுண்ணாம்புக்கல் திரும்பாது. பேச்சில் "ஐஸ் கரைஞ்சிடுச்சு" என்கிறோமே, அதுவும் இங்கே குழப்பம் தருகிறது. ஐஸ் உருகுகிறது. உருகுவதற்கு வெப்பம் போதும். கரைவதற்கு இன்னொரு பொருள் வேண்டும்.

மாவு கட்டி கட்டியாக நிற்பது கரைதல் பிரச்சினையே அல்ல. அரிசிமாவோ சோளமாவோ குளிர்ந்த நீரில் கரையாது, துகளாகவே பரவி நிற்கும். வெந்நீரில் கொட்டினால் வெளிப்பக்கம் பசையாகி, உள்ளே உலர்மாவு சிக்கிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் முதலில் கூழாக்கிக்கொள்ளுங்கள்.

100 மி.லி. நீரில் 36 கிராம் உப்பு போட்டேன், அளவு 136 ஆகவில்லை

நிறைதான் கூட்டப்படும், கனஅளவு கூட்டப்படாது. நிறை 136 கிராம் ஆகும். கனஅளவு 113 மி.லி. அளவில் நிற்கும். 36 கிராம் உப்பு தனியே அடைக்கும் இடம் 16 மி.லி.-க்கு மேல், கரைந்த பின் அதைவிடவும் குறைவாகவே அளவு ஏறுகிறது, ஏனெனில் அயனிகள் நீர் மூலக்கூறுகளை நெருக்கிக் கட்டுகின்றன. எனவே "ஒரு லிட்டர் கரைசலில் 58.5 கிராம் உப்பு" என்று கேட்டால் ஒரு லிட்டர் நீரை அளந்து அதில் உப்பைப் போடாதீர்கள். முக்கால் லிட்டரில் கரைத்து, கழுத்தில் ஒற்றைக் கோடு போட்ட குடுவைக்கு மாற்றி, கோடு வரை நீர் நிரப்புங்கள்.

மயில்துத்தப் படிகம் வரவில்லை, அல்லது மணல்போல் வந்தது

100 மி.லி. வடிநீரை 70 டிகிரிக்குச் சூடாக்கி, 60 கிராம் மயில்துத்தத்தைக் கரைத்து, சில துளி நீர்த்த கந்தக அமிலம் விட்டு, சூடாகவே வடிகட்டுங்கள். ஆறினால் நீரில் தங்கக்கூடியது ஏறத்தாழ 40 கிராம். மிச்சம் வெளியே வர வேண்டும். மயில்துத்தம் நச்சு; கையுறை போடுங்கள், சமையல் பாத்திரத்தைப் பயன்படுத்தாதீர்கள்.

ஆறியும் எதுவும் வரவில்லை என்றால் இரண்டு வாய்ப்பு. போட்டது குறைவாக இருக்கலாம். நீரைக் கொஞ்சம் ஆவியாக்கி மறுபடி ஆறவிடுங்கள். அல்லது கரைசல் அதிதெவிட்டிய நிலையில் நிற்கிறது: துகள்கள் ஒன்றுசேரத் தொடக்கப்புள்ளி கிடைக்கவில்லை. பீக்கரின் உட்புறத்தைக் கண்ணாடிக் கம்பியால் மெல்லக் கீறுங்கள், அல்லது மயில்துத்தத்தின் ஒரு சிறு துணுக்கைப் போடுங்கள். சில நிமிடங்களில் விடை தெரிந்துவிடும்.

மணல்போல் வந்தால் வேகமாகக் குளிரவைத்திருக்கிறீர்கள். ஒரே நேரத்தில் ஆயிரம் இடங்களில் படிகம் தொடங்கிவிட்டது, ஒன்றுக்கும் வளரப் பொருள் மிஞ்சவில்லை. பீக்கரைத் துணியால் சுற்றி மெதுவாக ஆறவிடுங்கள். பெரிய ஒற்றைப் படிகம் வேண்டுமானால் மறுநாள் கிடைப்பவற்றில் முகங்கள் ஒழுங்காக உள்ள ஒன்றை மட்டும் எடுத்து, நைலான் இழையில் கட்டி, வடிகட்டிய தெவிட்டிய கரைசலில் அடியையும் சுவரையும் தொடாமல் தொங்கவிடுங்கள். பனங்கற்கண்டு செய்பவர்கள் பாகில் நூல் தொங்கவிட்டு வாரக்கணக்கில் அசைக்காமல் வைப்பதும் இதே அறிவுதான். ஆனால் அவர்களுக்கு நூலெங்கும் படிகம் வேண்டும், உங்களுக்கு ஒன்றே வேண்டும். அதனால்தான் பஞ்சுநூல் வேண்டாம், வழவழப்பான இழை வேண்டும் என்கிறோம்.

தொங்கவிட்ட படிகம் வளராமல் தேய்ந்து, இழையிலிருந்து கழன்று விழுந்ததா? கரைசல் தெவிட்டவில்லை. காலையில் நன்றாக இருந்து மதியம் விழுந்திருந்தால் வெப்பநிலையைப் பாருங்கள். இரவு 26 டிகிரியில் தெவிட்டியிருந்த கரைசல் மதியம் 33 டிகிரியில் தெவிட்டாத கரைசலாகிவிடும். இரவில் சேர்த்ததைப் பகலில் தின்றுவிடும். ஜன்னலோரம் வேண்டாம். பீக்கரை நீர் நிரப்பிய பெரிய வாளிக்குள் நிறுத்தி, தரையில், சுவரோரமாக வையுங்கள். பீக்கரின் வாயை வடிதாளால் மூடுங்கள். தூசி விழாது, நீர் மட்டும் மெல்ல ஆவியாகும். அடியில் புதுப் படிகங்கள் முளைத்தால் உடனே கரைசலை வடிகட்டி வேறு பீக்கருக்கு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் தொங்கும் படிகத்துக்குச் சேர வேண்டியதை அவை எடுத்துக்கொள்ளும்.

வளர்ந்த படிகத்தை வெயிலில் காயவைக்காதீர்கள். வடிதாளில் ஒற்றி, மூடியுள்ள சிறு புட்டியில் போடுங்கள். உலர்ந்த சூடான காற்றில் படிகத்துக்குள் கட்டுண்டிருக்கும் படிகமாக்கல் நீர் கழன்று, நீல முகங்களின் மேல் வெண்பொடி பூக்கும்.